வழிபாட்டில் அலையும் மனம்

ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தை வாய் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் வீட்டுக் கடனையும் மகளின் தேர்வையும் சுற்றிவருவதைப் பக்திக் குறைவின் அடையாளமாகவே பெரும்பாலான கிறிஸ்தவர்கள் எண்ணிவருகிறார்கள். 'செபத்தில் பராக்கு' என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்பது கத்தோலிக்கரிடையே நெடுநாளைய வழக்கம். இந்தக் குற்றவுணர்வில் நேர்மை இருந்தாலும் அதன் அடியில் கிடக்கும் எண்ணம் பிழையானது. ஒரே பொருளில் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் நிலைத்து நிற்கும் உறுப்பு அன்று மூளை என்பதைக் கடந்த முக்கால் நூற்றாண்டின் உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே உண்மையை எகிப்தின் பாலைவனத் துறவிகள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் மனத்தைத் தாங்களே கூர்ந்து பார்த்து உணர்ந்து, அதற்கேற்பத் தங்கள் ஜெப முறையை அமைத்துக்கொண்டார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, வழிபாட்டில் கவனம் என்பது விலகிப்போன மனம் எவ்வளவு விரைவில் திரும்பி வருகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது என்பதும், அந்தத் திரும்புதலுக்கு வழிபடுபவரின் மனவுறுதி எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு வழிபாட்டின் ஒழுங்கும் பாட்டும் கட்டடமும் உடலின் ஓய்வும் தேவை என்பதும் தெளிவாகும்.

கவனம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முறையாக அளந்த முன்னோடிகளுள் ஒருவர் பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த். இரண்டாம் உலகப் போரின்போது கடலுக்கு மேலே பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய விமானங்களில் ராடார் திரையைக் கவனித்துவந்த வீரர்கள், நேரம் ஆக ஆகத் திரையில் தோன்றும் சிறு புள்ளிகளைத் தவறவிட்டதே அவருடைய ஆய்வுக்குக் காரணம். அவர் அமைத்த சோதனையில் எண்கள் எழுதப்படாத வெறும் வட்டத் தட்டில் ஒரு முள் வினாடிக்கு ஒரு படி வீதம் நகரும். எப்போதாவது ஒருமுறை ஒரே தாவலில் இரண்டு படிகளைக் கடந்துவிடும். அதைக் கண்டவர் உடனே ஒரு விசையை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் நீடித்த இச்சோதனையில் முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே தவறுகள் கூடத் தொடங்கியதை 1948இல் அவர் வெளியிட்டார். இன்று 'விழிப்புச் சரிவு' என்று அழைக்கத்தக்க இந்த நிகழ்வு, அக்கறையின்மையால் வந்தது என்று சொல்ல இடமில்லை. ஏனெனில் அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என்று மாற்றி அமைத்தபோது அதே மனிதர்களிடம் அந்தச் சரிவு தோன்றவில்லை. மாற்றமில்லாத தூண்டலை நீண்ட நேரம் கவனிப்பதே மூளைக்குக் கடினம்.

இந்த முடிவிலிருந்து, பிரசங்கம் இத்தனை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி செய்துவிடுவதும் சரியாகாது. மாணவர்களின் கவனம் முதல் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நிலைத்திருந்து பிறகு வீழ்ந்துவிடும் என்று பலரும் எழுதுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் டயான் பன்ஸும் உடன் ஆய்வாளர்களும் வேதியியல் வகுப்புகளில் மாணவர்களின் கையில் சிறு விசைக் கருவியைக் கொடுத்து, கவனம் விலகியதை உணரும்போதெல்லாம் அழுத்தச் சொல்லி 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. வகுப்பு முழுவதிலுமே கவனம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விலகுவதும் கூடுவதுமாக இருந்தது. ஆசிரியர் செய்முறை விளக்கம் காட்டியபோதும் கேள்வி கேட்டபோதும் விலகல்கள் குறைந்தன. அவை முடிந்து மீண்டும் விரிவுரை தொடங்கிய பிறகும் அந்த நன்மை சிறிது நேரம் நீடித்தது. ஆகவே அரைமணிப் பிரசங்கத்தைக் கேட்பவரின் மனம் பலமுறை வெளியே போய்ப் பலமுறை உள்ளே வருகிறது என்று கொள்வதே உண்மைக்கு நெருக்கமானது.

வெளியே போகும் மனம் எங்கே போகிறது என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்கிலும் உடன் ஆய்வாளர்களும் 2001இல், புறவேலை எதுவும் கொடுக்கப்படாமல் ஒருவர் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதைச் சுட்டிக்காட்டி, அதை மூளையின் இயல்புநிலை என்று பெயரிட்டார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டியும் பின்மண்டையை நோக்கிய உட்பக்கத்திலும் அமைந்த இப்பகுதிகளின் கூட்டு 'இயல்புநிலை வலையமைப்பு' எனப்படுகிறது. கடந்ததை நினைப்பது, வரப்போவதைத் திட்டமிடுவது, பிறர் நம்மைப் பற்றி என்ன எண்ணுவார்கள் என்று கருதிப்பார்ப்பது ஆகியவற்றில் இது ஈடுபடுகிறது. மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் கைப்பேசிச் செயலி வழியாக 2,250 பேரிடம் நாளின் பல வேளைகளில் 'இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்று கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட தருணங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்துகொண்டிருந்த வேலையில் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி அலைச்சலில் கழியும் மனம், ஆலய வாசலைத் தாண்டியதும் வேறு மனமாக மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது மனிதரின் படைப்பையே மறுப்பதாகும்.

வழிபாட்டில் இந்த அலைச்சல் கூடுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. கர்த்தர் கற்பித்த ஜெபம் போன்ற மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்ல மூளைக்கு அதிக முயற்சி தேவைப்படுவதில்லை. பலமுறை பழகிய செயல் கவனத்தின் மேற்பார்வை இல்லாமலே தானாக நடக்கும். அதனால் மிஞ்சும் இடத்தை அன்றாடக் கவலைகள் நிரப்பிக்கொள்கின்றன. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போதும் இது நேர்கிறது. எரிக் ரெய்க்கிலும் உடன் ஆய்வாளர்களும் ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றை வாசித்தவர்களின் கண்ணசைவுகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, மனம் அலைந்த வேளையிலும் கண்கள் வரிகளின் மேல் நகர்ந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் எளிய சொல்லில் விரைந்தும் அரிய சொல்லில் தயங்கியும் செல்லும் வழக்கமான வேறுபாடு அப்போது மங்கிப்போயிருந்தது. சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும் சபையார் ஐந்தாறு வசனங்களைச் சத்தமாக வாசித்து முடித்த பின்பு அவற்றில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாமல் திகைப்பது இதனால்தான்.

இவையெல்லாம் கருவிகளைக் கொண்டு கண்டவை. கருவியில்லாமல் கண்டவர்களில் தலையாயவர் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் கெல்லியா பாலைவனத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டினோபிளில் புகழ்பெற்ற பிரசங்கியாக இருந்து பின்னர் துறவறம் பூண்ட அவர், நண்பகல் வேளையில் துறவியைப் பிடிக்கும் சோர்வை மருத்துவர் நோய்க்குறிகளை எழுதுவது போன்ற துல்லியத்துடன் பதிவுசெய்திருக்கிறார்: சூரியன் நகராமல் நிற்பதாகத் தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோல் இருக்கும், துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார், குடிலுக்கு வெளியே வந்து, உணவு வேளையான ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அண்ணாந்து பார்ப்பார், சகோதரர் எவரேனும் வருகிறாரா என்று நாற்புறமும் தேடுவார். ஜெபத்தைப் பற்றி அவர் எழுதிய நூலிலோ, ஜெபிக்கத் தொடங்கியதும் நினைவு தானாக மூன்று வகைப் பொருள்களைக் கொண்டுவந்து நிறுத்தும் என்கிறார்: பழைய நிகழ்வுகள், புதிய கவலைகள், மனத்தைப் புண்படுத்தியவரின் முகம். இருபதாம் நூற்றாண்டில் எரிக் கிளிங்கர் என்ற உளவியலாளர், அலையும் மனம் குறியின்றி அலைவதில்லை, இன்னும் முடிவுக்கு வராத நோக்கங்களையே நாடிச் செல்கிறது என்று விளக்கினார். எவாக்ரியுஸின் மூன்று வகைகளும் அந்த விளக்கத்துக்குள் அப்படியே அடங்குகின்றன.

எவாக்ரியுஸின் மரபை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற யோவான் காசியான், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'உரையாடல்கள்' என்ற நூலில், ஒரு சங்கீதத்தைத் தியானிக்கத் தொடங்கிய மனம் அது முடிவதற்குள் இன்னொரு சங்கீதத்துக்குத் தாவி, அங்கிருந்து சுவிசேஷத்துக்கும் அப்போஸ்தலரின் நிருபத்துக்கும் ஓடி எதிலும் நிலைகொள்ளாமல் தவிப்பதை விவரிக்கிறார். வழிபாட்டிலேயே ஈடுபட்டிருக்கும் மனம் வழிபாட்டுப் பொருள்களுக்குள்ளேயே அலையும் என்ற இந்தக் கவனிப்பு மிக நுட்பமானது. அதே நூலில் மோசே என்ற முதிய துறவி, நீர் விழும் வேகத்தில் சுழலும் மாவாலையை எடுத்துக்காட்டுகிறார்: நீர் பாயும்வரை ஆலைக் கல்லை நிறுத்த ஆலைக்காரரால் முடியாது, ஆனால் அதில் கோதுமையைப் போடுவதா களையைப் போடுவதா என்பதைத் தீர்மானிக்க முடியும். ஈசாக்கு என்ற இன்னொரு துறவியோ, தேவனுடைய உதவியை அழைக்கும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை மட்டும் எந்நேரமும் திரும்பத் திரும்பச் சொல்லுமாறு கற்பிக்கிறார். மனம் எங்கே போயிருந்தாலும் திரும்பி வருவதற்கு மாறாத ஓரிடம் வேண்டும் என்பதே இதன் உட்பொருள். பெனதிக்து சபைத் துறவிகள் தங்கள் நேர ஜெபங்களை இன்றும் அந்த வசனத்தோடுதான் தொடங்குகிறார்கள்.

திரும்புதலின் ஒவ்வொரு கட்டத்திலும் மூளையில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹேசன்காம்பும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். தியானப் பழக்கமுள்ள 14 பேர், மூளையில் குருதி ஓட்டம் எங்கே கூடுகிறது என்று காட்டும் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் படுத்தபடி மூச்சின் மேல் கவனம் வைத்து, மனம் விலகிவிட்டதை உணரும் கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். 2012இல் வெளியான முடிவுகளில் நான்கு கட்டங்கள் தெரிந்தன. மனம் அலையும்போது இயல்புநிலை வலையமைப்பு இயங்குகிறது. 'விலகிவிட்டோம்' என்று உணரும் கணத்தில், முக்கியமானதை அடையாளம் காணும் வேறொரு வலையமைப்பு விழித்துக்கொள்கிறது. அதன் பின் கவனத்தைத் திருப்பும் பகுதிகளும் நிலைநிறுத்தும் பகுதிகளும் வேலை செய்கின்றன. சிறிது நேரம் கழித்து மீண்டும் அலைச்சல் தொடங்குகிறது. பங்கேற்றவர்கள் செய்தது கிறிஸ்தவ ஜெபம் அன்று என்றாலும், கவனத்தின் பொறியமைப்பு எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றே. விலகலை உணர்தல் என்ற இரண்டாம் கட்டம் தனித்த ஒரு மூளைச் செயல் என்பதை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். ஆராதனையின் நடுவில் 'ஐயோ, எங்கோ போய்விட்டேன்' என்று ஒருவர் உணரும் கணம் தோல்வியின் கணமாகத் தோன்றினாலும் கவனம் மீண்டுவிட்டதன் முதல் அடையாளம் அதுதான். அங்கேயே நின்று தன்னைக் கடிந்துகொள்ளத் தொடங்கினால் அந்தக் கடிதலே அடுத்த பராக்காகிவிடும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்வினா, ஜெபத்துக்குக் கவனம் கட்டாயம் தேவையா என்ற கேள்வியைத் தம் இறையியல் தொகுப்பில் தனியாக எடுத்துக்கொண்டு, சொற்களைத் தவறின்றிச் சொல்வதில் வைக்கும் கவனம், சொற்களின் பொருளில் வைக்கும் கவனம், தேவன் மீதே வைக்கும் கவனம் என்று மூன்றாகப் பிரித்தார். மூன்றாவதே முதன்மையானது, எழுத்தறியாதவருக்கும் அது கைகூடும் என்றார். வேண்டுமென்றே செய்யாத அலைச்சலால் ஜெபத்தின் பலன் கெடுவதில்லை, தொடக்கத்தில் கொண்ட நோக்கம் ஜெபம் முழுவதையும் தாங்கி நிற்கும் என்று அவர் ஆறுதல் சொன்னபோதும், ஜெபம் தரும் உள்ளப் புத்துணர்வு கவனமில்லாமல் கிடைக்காது என்பதை மறைக்கவில்லை. மார்ட்டின் லூத்தரின் நடை வேறு. தமக்கு முடிதிருத்திய பேதுரு என்பவர் கேட்டதற்காக 1535இல் அவர் எழுதிய சிறு நூலில், நல்ல நாவிதர் தம் எண்ணத்தையும் கண்ணையும் கத்தியின் மேலும் முடியின் மேலும் வைத்திருப்பார், பேச்சில் மூழ்கினால் வாடிக்கையாளரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார் என்று அவருடைய தொழிலிலிருந்தே கவனத்தை விளக்கினார். அதோடு நில்லாமல், பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் எடுத்து, இதிலிருந்து கற்பது என்ன, நன்றி சொல்ல வேண்டியது என்ன, அறிக்கையிட வேண்டியது என்ன, கேட்க வேண்டியது என்ன என்று நான்கு வகையாகச் சிந்திக்கச் சொன்னார். மனப்பாடமான வரியிடம் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அது தானாக நடக்கும் செயலாக இருப்பது நின்றுவிடுகிறது. தானியங்கிப் பழக்கத்துக்கு இன்றைய உளவியலாளர் சொல்லும் மாற்றும் ஏறத்தாழ இதுவே.

தனியாக ஜெபிப்பவருக்கு இத்தகைய முறைகள் உதவும். சபையாகக் கூடும்போது அந்த உதவியை வழிபாட்டு ஒழுங்கே செய்கிறது. நிற்பது, அமர்வது, முழங்கால்படியிடுவது என்ற மாற்றங்கள் உடலின் விழிப்பு நிலையை அவ்வப்போது உயர்த்துகின்றன. குருவானவர் ஒரு வரியும் சபையார் மறு வரியுமாகச் சொல்லும் மறுமொழிகள், தன் முறை வருகிறது என்ற எதிர்பார்ப்பை உண்டாக்கி மனத்தை இழுத்துவருகின்றன. லத்தீன் மொழியில் தாழ்ந்த குரலில் நடந்த இடைக்காலத் திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும் வேளையில் மணி அடிக்கப்பட்டதற்கு இதே பயன் இருந்தது. எதிர்பாராத ஒலி கேட்டதும் உடல் முழுவதும் ஒரு கணம் நின்று அதன் பக்கம் திரும்புவதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் விவரித்தார். 'நோக்கு எதிர்வினை' என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதே ஒலி ஓயாமல் வந்தால் மூளை அதற்குப் பழகிப்போய்த் திரும்புவதை நிறுத்திவிடும். ஒரு சில தருணங்களுக்கு மட்டுமே மணி ஒதுக்கப்பட்டிருப்பது அதன் வலிமையைக் காக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை உச்சக் குரலில் முழங்கும் பிரசங்கமும் இடைவெளியே இல்லாத இசைக்கருவி முழக்கமும் அந்த வலிமையை இழந்துவிடுகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட வழிபாட்டு ஏடு, விசுவாசிகள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலூக்கத்தோடும் பங்கேற்க வேண்டும் என்று வற்புறுத்தி மக்கள் மொழிகளுக்கு வழிதிறந்தது. கவனத்தின் அறிவியலை அளவுகோலாக வைத்துப் பார்த்தாலும் அது பெரிய முன்னேற்றமே.

பாட்டு இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் தலைமையில் 2013இல் வெளியான ஆய்வு, சேர்ந்து பாடுபவர்களின் மூச்சைப் பாட்டின் சொற்றொடர் அமைப்பு ஒழுங்குபடுத்துவதால் அவர்களுடைய இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று இணங்கிவருவதைக் காட்டியது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் 23 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்விலோ, ஜெபமாலையின் மங்கள வார்த்தை ஜெபத்தை லத்தீனில் சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைந்தது. குருதியழுத்தத்தைச் சீர்படுத்தும் உடலின் அனிச்சைச் செயலும் கூர்மையடைந்தது. சிறு எண்ணிக்கையினரிடம் செய்த ஆய்வுகள் இவை என்றாலும், மெதுவான, சீரான, பிறரோடு இணைந்த மூச்சு மனத்தின் பரபரப்பைத் தணிக்கிறது என்ற திசையை இரண்டும் காட்டுகின்றன. தமிழ்ச் சபைகளுக்கு இதில் ஒரு தனிச் செல்வம் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இராக தாளத்தோடு அமைத்த கீர்த்தனைகளில் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்ப வருவதால், சரணத்தில் வழிதவறிய மனத்துக்கும் பாட்டறியாத முதியவருக்கும் மீண்டும் சேர்ந்துகொள்ள ஓரிடம் கிடைக்கிறது. ஈசாக்குத் துறவி ஒற்றை வசனத்தில் தேடியதைச் சபையாகப் பாடும் பல்லவி தருகிறது எனலாம்.

சொந்தச் சொற்களில் செய்யும் ஜெபத்துக்கு வேறொரு பலம் இருப்பதை டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வு எடுத்துரைக்கிறது. ஊஃபே ஷோட்டும் உடன் ஆய்வாளர்களும் ஆழ்ந்த பற்றுள்ள 20 கிறிஸ்தவர்களின் மூளையைப் படமெடுத்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, சொந்த ஜெபத்தின்போது சக மனிதரின் மனத்தைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகள் இயங்கின. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பரிசு கேட்பதாகக் கற்பனை செய்தபோது அவ்வாறு இயங்கவில்லை. ஜெபிப்பவருக்குத் தேவன் பேசக்கூடிய ஒருவராகவே இருக்கிறார் என்பதைத்தான் இது காட்டுகிறது. அதற்கு மேல் இறையியல் முடிவெதையும் இதிலிருந்து எடுக்க இயலாது. இப்பகுதிகளில் சில, மனம் அலையும்போது இயங்கும் இயல்புநிலை வலையமைப்புக்குள்ளும் அடங்கியவை. எனவே மனத்தில் எழும் கடன் கவலையை விரட்ட மல்லுக்கட்டுவதைவிட, அதையே பெயர் சொல்லி விண்ணப்பமாக்குவது மூளையின் போக்கோடு இசைந்த வழி. முடியாத காரியத்துக்கு, எப்போது எப்படிச் செய்வது என்று ஒரு திட்டத்தை எழுதிவைத்தாலே அது மனத்தில் இடையூறாக வந்து நிற்பது குறைகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு சோதனைகள் காட்டியிருப்பதால், ஆராதனை தொடங்குமுன் ஒரு துண்டுத் தாளில் திங்கட்கிழமை வேலைகளைக் குறித்துவைப்பதில் தவறேதும் இல்லை.

சபையாரின் கவனக் குறைவு என்று பழிக்கப்படுவதில் பெரும் பகுதி உண்மையில் கட்டடத்தின் குறை என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் திறக்கப்பட்ட ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. அங்கே ஓர் ஒலி எழுந்தால் அது தேய்ந்து அடங்க ஐந்தரை வினாடி ஆனது. அதற்குள் பேசுபவர் மேலும் பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லிவிடுவதால் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குழம்பின. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இவ்வாறு நீடிப்பது எதிர்முழக்கம் எனப்படும். இதைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட இளம் இயற்பியலாளர் வாலஸ் சபீன், ஊர் அடங்கிய பின்னிரவுகளில் உதவியாளர்களோடு பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து, ஓசை அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். கூடத்தின் கொள்ளளவு கூடக் கூட எதிர்முழக்க நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பொருள்கள் கூடக் கூட அது குறையும் என்ற விதி அந்த இரவுகளில் பிறந்தது. மனித உடலும் ஆடையும் ஒலியை நன்றாக உறிஞ்சும் என்பதையும் அவர் அளந்து காட்டினார். பாதி காலியான ஆலயத்தில் பிரசங்கம் குழம்புவதும், பண்டிகை நாளில் நிறைந்த ஆலயத்தில் அதே குரல் தெளிவதும் இந்த இயற்பியலின் விளைவு. அருகில் வந்து அமரும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வசனம் தெளிவாகக் கேட்கத் துணையாகிறார்.

பேச்சு தெளிவாகக் கேட்க எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ ஒரு வினாடி அளவில் இருப்பது நல்லது. ஐரோப்பாவின் பெரிய கற்பேராலயங்களிலோ அது ஆறு, எட்டு வினாடிகளையும் தாண்டும். அங்கே வசனங்களை ஒரே சுருதியில் நீட்டி ஓதும் முறை நிலைத்ததற்கும், பிரசங்க பீடத்தின் தலைக்கு மேல் மரப் பலகைக் கூரை அமைக்கப்பட்டதற்கும் இது முக்கியமான காரணம். குழம்பிய ஒலியை மூளை ஊகித்துப் புரிந்துகொள்ளும் என்றாலும் அதற்கு ஒரு விலை உண்டு. பேட்ரிக் ராபிட் 1968இல் காட்டியதுபோல, இரைச்சலுக்கிடையே கேட்ட சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்ல முடிந்தவர்கள்கூட அவற்றை நினைவில் வைத்திருக்க முடியாமல் போனார்கள். நினைவில் பதிப்பதற்கான ஆற்றல் கேட்பதிலேயே செலவாகிவிட்டது. காங்கிரீட் கூரையும் வழவழப்பான தரை ஓடும் கண்ணாடி ஜன்னலும் கொண்ட இன்றைய ஆலயங்களில், பேச்சு புரியவில்லை என்றவுடன் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். சத்தம் கூடும்போது எதிர்முழக்கமும் அதே அளவு கூடுவதால் தெளிவு சிறிதும் கூடுவதில்லை. சபையாருக்கு அருகில் சிறு ஒலிபெருக்கிகளைப் பிரித்து வைப்பது, திரைச்சீலை, மெத்தை, மரம் ஆகியவற்றைச் சேர்ப்பது, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுவது ஆகியவையே உண்மையான தீர்வுகள். காது மந்தமான முதியவர்கள் முன்வரிசையில் அமர்வதும் பயன் தரும், ஏனெனில் திரும்பி வரும் ஒலியைவிட நேரே வரும் ஒலி அங்கே மிகுதி.

உடலைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கமானதே. அப்போஸ்தலர் நடபடிகளின் 20ஆம் அதிகாரத்தில் துரோவா பட்டணத்தின் மேல்வீட்டு அறையில் பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டிருக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கமயக்கத்தால் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுகிறான். அறையில் அநேக விளக்குகள் எரிந்தன என்பதையும் அந்நூலின் ஆசிரியர் மறவாமல் குறிப்பிடுகிறார்; நெரிசலும் வெப்பமும் புழுங்கிய காற்றும் கடந்துபோன உறக்க வேளையும் ஒன்றுசேர்ந்த அந்த நிலையில் எந்த உடலும் தளரும். வயதுவந்தவருக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அதைச் சனிக்கிழமை இரவில் இழந்தவரின் மூளை, ஞாயிறு காலையில் சில வினாடிகளே நீடிக்கும் குறுந்தூக்கங்களில் அவரறியாமல் நழுவும். எவ்வளவு பக்தி இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. பதினேழாம் நூற்றாண்டின் நியூ இங்கிலாந்துச் சபைகள் நீண்ட கோலோடு ஓர் ஆளை நியமித்து உறங்குபவர்களைத் தட்டி எழுப்பின. ஜன்னலைத் திறந்து வைப்பது அதைவிடக் கனிவான வழி.

கைகளில் இருப்பதும் கணக்கில் சேரும். வேதாகமம் கைப்பேசிக்குள் வந்துவிட்டதால் கைப்பேசியை வெளியே விட்டுவரச் சொல்வது இனிக் கடினம். அறிவிப்பு ஒலி வந்தால், எடுத்துப் பார்க்காவிட்டாலும் செய்துகொண்டிருக்கும் வேலை பாதிக்கப்படும் என்பது சோதனைகளில் தெரிந்திருப்பதால், ஒலியையும் அதிர்வையும் முற்றாக நிறுத்துவது குறைந்தபட்சத் தேவை. இதற்கு மாறாக, வெறும் கைவேலை எல்லாமே பராக்கு என்று எண்ணவும் வேண்டாம். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கவைத்தபோது, கேட்டுக்கொண்டே தாளில் வடிவங்களுக்கு நிழலடித்தவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஜெபமாலை மணிகளை உருட்டும் விரல்களுக்கும், பிரசங்கத்தின்போது குறிப்பேட்டின் ஓரத்தில் பூ வரையும் சிறுமிக்கும் இந்த முடிவு பொருந்தக்கூடும். சிறுவர்களை அதட்டும் பெரியவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது: பத்து முதல் எழுபது வயதுவரை உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், கவனத்தை நீடித்து வைக்கும் திறன் ஏறத்தாழ 43 வயதில்தான் உச்சத்தை எட்டியது. பெற்றோரால் இயல்வது பிள்ளைகளாலும் இயல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கவனத்தை வளர்க்கும் வழிகளில் மிகக் குறைவாகக் கையாளப்படுவது, கேட்டதைத் திரும்பச் சொல்லும் பழக்கம். கார்ல் ஷ்பூனாரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், காணொளி விரிவுரை ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் ஒரு குழுவுக்கு மட்டும் சிறு சோதனை வைத்தார்கள். அக்குழுவினரின் மன அலைச்சல் மற்றவர்களுடையதில் பாதியளவாகக் குறைந்தது, எடுத்த குறிப்புகள் பெருகின, இறுதித் தேர்வைப் பற்றிய பதற்றமும் தணிந்தது. கேட்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு கேட்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பியூரிட்டன் குடும்பங்களில் ஞாயிறு மதியம் வீட்டார் அனைவரும், வேலையாட்கள் உட்பட, ஒன்றாக அமர்ந்து காலையில் கேட்ட பிரசங்கத்தின் பகுதிகளை எடுத்த குறிப்புகளைக் கொண்டும் நினைவைக் கொண்டும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்வது வழக்கமாக இருந்தது. பல பள்ளிகளிலும் திங்கட்கிழமை காலையில் மாணவர்களிடம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்தக் கடுமையைத் தவிர்த்து, ஆலயத்திலிருந்து திரும்பிய குடும்பம் மதிய உணவின்போது 'இன்றைக்கு வாசித்த வேதபகுதியில் உனக்கு நினைவில் நின்றது எது?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதையும், ஆயர் தம் பிரசங்கத்தின் நடுவே இரண்டு இடங்களில் நிறுத்திச் சபையாரைப் பக்கத்திலிருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்வதையும் எந்தச் சபையும் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.